அசையும் முற்றத்தில் ஒரு துக்கம்

பெஞ்சுகள் நகரவில்லை.

ஷாஹெர் ரிமோட்டை அமுக்கினான். உள்ளங்கையில் தட்டினான். பேட்டரியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டினான். கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தான். பெஞ்சுகள் எதற்கும் மசியவில்லை. இரண்டு நீள வரிசைகளாக, கல்யாணப் பேச்சு முறிந்துபோன இரண்டு வீட்டார் மாதிரி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

அவை வட்டமாக நிற்க வேண்டியவை. தினம் ஏதோ கோளாறில் வரிசையாகிக் கிடக்கும், அவன் வட்டமாக்கிவிட்டுப் போவான். தலைநகர் அம்மானில் கம்ப்யூட்டரில் போட்டு வாங்கிய படத்தில் வட்டம்தான் இருந்தது. படத்தில் பிள்ளைகள் பலூனோடு ஓடினார்கள். பொன்னிறத் தலைமுடிக்காரி ஒருத்தி நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அந்த ஊரில் பொன்னிறத் தலைமுடியும் கிடையாது, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்களும் கிடையாது. ஆனால் நகராட்சி படத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தது. ஊரைப் பார்த்துச் சம்மதிக்கிற நகராட்சி எங்கே இருக்கிறது?

பழைய பஸ் நிலையம் இருந்த மேட்டில் அதைக் கட்டியிருந்தார்கள். 'அசையும் முற்றம்' என்று பலகை வைத்திருந்தார்கள். தரைக்கடியில் எடை உணரும் தகடுகள். தண்டவாளத்தில் ஓடும் பெஞ்சுகள். மேலே மடியவும் விரியவும் தெரிந்த துணிக்கூரை. ஜனங்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே நிழல் வரும். நாலு பேர் ஆடினால் பெஞ்சு விலகி மேடையாகும். நாற்பது பேர் பந்தாட்டம் பார்க்க வந்தால் படிக்கட்டாகும். மனிதன் வாயைக் கேட்காது, காலைக் கேட்கும். போகப் போக ஊரின் பழக்கத்தைத் தானே கற்றுக்கொள்ளும். இதுதான் ஷாஹெரின் பெருமை. இதற்காகத்தான் மனைவியின் திட்டையும் மாமனாரின் ஏளனத்தையும் தாங்கி இரண்டு வருஷம் உழைத்தான்.

ஆனால் அவன் தினம் பத்து மணிக்கு வந்து பார்க்கும்போதெல்லாம் முற்றத்தில் ஒரு குருவிகூட இல்லை.

இன்றைக்கு நடுப்பகல் தொழுகை முடிந்ததும் நகராட்சித் தலைவர் அபு ரக்கான் பார்வையிட வருகிறார். கூடவே அவருடைய மச்சான் நவ்வாஃபும் வருகிறான். ஊரில் சிமெண்டு எங்கே கொட்டினாலும் அது நவ்வாஃப் கொட்டியதாகத்தான் இருக்கும். அவனுக்கு இந்த மேடு கார் நிறுத்துமிடமாக வேண்டும். ஆள் இருந்தால் முற்றம் இருக்கும், ஆள் இல்லாவிட்டால் பெயர்த்துவிடுவோம் என்று தலைவர் சொல்லிவிட்டார். பெயர்த்தால் ஷாஹெர் போக வேண்டிய இடமும் தயார். கழிவுநீர்ப் பிரிவு.

நகராட்சிக்காரர்கள் ஓர் இடத்தைச் சும்மா பார்க்க வருவதில்லை. பார்க்க வருகிறார்கள் என்றால் எடுக்க வருகிறார்கள். தெருமுனையில் பாரம் தூக்கும் வண்டி காலையிலேயே வந்து நின்றுவிட்டது.

ஷாஹெர் போனை எடுத்தான்.

"தஹ்ஹாம், நான்தான். முற்றத்துக்கு ஒரு பெரிய கெட்டில் டீ கொண்டா. புதினா போட்டு, சர்க்கரை தூக்கலா. வர்றவங்க எல்லாருக்கும் இலவசம்."

"யார் வர்றாங்க என்ஜினியர்?"

"யாரும் வரலை. அதுக்குத்தான் டீ."

காபிக்காரன் தஹ்ஹாம் அரை மணியில் வந்து சேர்ந்தான். இடது கையில் நீள மூக்கு வைத்த பித்தளைக் காபிக் குடம். வலது கையில் அடுக்கிய சின்னக் கிண்ணங்கள். குடத்திலிருந்து ஏலக்காய் மணத்தது. சர்க்கரை இல்லாத கறுப்புக் காபி.

"டீ எங்கேய்யா?"

"டீன்னா ஜனங்க நின்னுக்கிட்டே குடிச்சிட்டு ஓடிருவாங்க. காபின்னாத்தான் உட்காருவாங்க. உங்களுக்கு ஆள் உட்காரணுமா, ஓடணுமா?"

பேச்சில் நியாயம் இருந்தது. தஹ்ஹாம் வாசலில் போய் விறைப்பாக நின்றான். ஷாஹெரும் பக்கத்தில் நின்றான். எதிரெதிர் வரிசையில் இருக்கைகள், வாசலில் கறுப்புக் காபி, அருகே முகம் தொங்கிப்போன ஓர் ஆள். அந்த ஊரில் கண் உள்ளவன் எவனும் இதை என்னவென்று நினைப்பான் என்று என்ஜினியருக்குத் தோன்றவில்லை. படித்தவன் அல்லவா.

முதலில் வந்தவர் ஹாஜி தைஃபல்லா. அந்தப் பேட்டைக்குப் பெரியவர். சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்து மெதுவாக வந்தார். ஷாஹெருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினான்.

ஹாஜி அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"அல்லாஹ் உங்களுக்குப் பெரிய கூலி தரட்டும்."

"நீங்க வந்த சிரமத்தை அல்லாஹ் ஏத்துக்கட்டும்," என்றான் ஷாஹெர்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். அவன் சொல்லவில்லை, அவன் வாய் சொல்லிவிட்டது. இழவு வீட்டில் அந்த வார்த்தைக்கு இந்த வார்த்தை. அந்த மண்ணில் பிறந்தவனுக்கு அது தும்மல் மாதிரி, அடக்க முடியாது. பதில் சொன்னவன் எவனோ அவன்தான் துக்கக்காரன். அதில் பேச்சுக்கே இடமில்லை.

"ஹாஜி, இருங்க இருங்க. இது துக்கம் இல்ல. யாரும் சாகலை."

ஹாஜி அவன் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"எங்க அப்பா போனப்ப நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு வாரம் அவருக்கும் சேர்த்து ரொட்டி வாங்கினேன். மனசு ஒத்துக்காதுப்பா."

"ஐயோ, நிஜமாவே யாரும்..."

"அழுதுரு. அழுதாத்தான் பாரம் குறையும்," என்று சொல்லிவிட்டு வலது வரிசையில் நடு இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் பலசரக்குக் கடைக்காரர் வந்தார். முடிவெட்டுகிறவர் பாதிச் சவரத்தில் விட்ட வாடிக்கையாளரோடு வந்தார். சந்தையிலிருந்து நாலு பேர், பள்ளிவாசல் பக்கமிருந்து ஏழெட்டுப் பேர். ஒருத்தன் வந்தால் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் வரிசை முழுக்கக் கை கொடுத்துக்கொண்டே போனான். அவன் உட்கார்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அடுத்தவன் வந்தான், மறுபடி எழுந்தார்கள்.

தரைத் தகடுகளுக்குக் கொண்டாட்டம். இப்படி எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து விளையாடுகிற ஜனத்தை அவை கட்டிய நாளிலிருந்து பார்த்ததில்லை. சுவருக்குள் மடங்கிக் கிடந்த பெஞ்சுகள் சர்ரென்று வெளியே வந்து வரிசையை நீட்டின. கால் சத்தம் தணிந்திருப்பதை உணர்ந்து துணிக்கூரை தாழ்ந்தது. வெளிச்சம் மங்கியது.

"என்ன மரியாதை தெரிஞ்ச கூரை பாருங்க," என்றார் கடைக்காரர்.

ஷாஹெருக்கு ஒரு கணம் நெஞ்சு விம்மியது. வேலை செய்கிறது! இரண்டு வருஷம் ராட்சசத்தனமாக உழைத்தது வேலை செய்கிறது! அடுத்த கணம் எதற்கு வேலை செய்கிறது என்று நினைவு வந்தது. தலைவர் வந்து பார்த்தால் என்ன சொல்வார்? பொழுதுபோக்க இடம் கட்டச் சொன்னால் ஒப்பாரிக் கொட்டகை கட்டினாயா என்பார்.

இனிப்பு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான். இழவு வீட்டில் யாரும் இனிப்பு தின்பதில்லை. குனாஃபா கடைக்குப் போன் போட்டான்.

"சுடச்சுட ரெண்டு பெரிய தட்டு குனாஃபா அனுப்புங்க. அசையும் முற்றத்துக்கு."

மறுமுனையில் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"என்ஜினியர், உங்க துக்கத்துல நீங்க என்ன பேசறீங்கன்னு உங்களுக்கே தெரியலை. நான் பார்த்துக்கறேன். காசு வேண்டாம்."

கால் மணியில் குனாஃபா கடைக்காரர் அனுப்பிய தட்டுகள் வந்தன. இரண்டிலும் பேரீச்சம்பழம். துக்க வீட்டுக்கு என்ன அனுப்ப வேண்டுமோ அது.

இனி ரிமோட்டை நம்பிப் பயனில்லை. வட்டத்துக்கான பொத்தானை அமுக்கினான். ஆள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு நகரக் கூடாது என்று அவனே விதி எழுதி வைத்திருந்தான். அது விசுவாசமாக நகராமல் இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழி. தரையில் வேகமாகக் கால் உதைத்தால் முற்றம் அதை ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு வண்ண விளக்குகளைப் போடும், தாளம் கொட்டும். கல்யாண ஆட்டத்துக்காக வைத்தது.

ஷாஹெர் நடுவில் போய் நின்றான். கண்ணை மூடினான். தாம் தூமென்று குதித்தான். வலது காலால் உதைத்தான், இடது காலால் உதைத்தான், கையை வீசினான், மூச்சு வாங்க மறுபடி உதைத்தான்.

முற்றம் யோசித்தது. ஓர் ஆள் குதிக்கிறான், நூறு பேர் அமைதியாக இருக்கிறார்கள். அது பெரும்பான்மைக் கட்சியில் சேர்ந்துகொண்டது. கூரை இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"பிடிங்கப்பா பிடிங்க! மனுஷன் உடைஞ்சிட்டான்!"

நாலு பேர் ஓடிவந்து அவனைக் கட்டிப் பிடித்தார்கள். ஒருத்தர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருத்தர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார். முடிவெட்டுகிறவர், "நெருங்கின சொந்தம் போல," என்று பக்கத்தில் கிசுகிசுத்தார். பாதிச் சவரக்காரர் மறு கன்னத்தில் நுரையோடு உச்சுக் கொட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. இறங்கியவர் ஷாஹெரின் மாமனார் அபு ஷிப்லி. மருமகன் செய்வது உத்தியோகமே இல்லை, பிள்ளை விளையாட்டு என்று இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். மூச்சிரைக்க வந்து மருமகனை மார்போடு அணைத்தார்.

"பக்கத்து ஊர்ல சொன்னாங்க. போட்டது போட்டபடி வந்துட்டேன்." பிறகு காதோரம் குனிந்தார். "யாருடா செத்தது? எங்க பக்கமா, உங்க பக்கமா?"

"மாமா, யாருமே சாகலை. நான் ஆள் வரணும்னு காபி போட்டேன், இவங்களா வந்து..."

அபு ஷிப்லி வரிசையைப் பார்த்தார். நூறு ஆம்பிளைகள் எழுந்து அவருக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

"சாகலையா?"

"சாகலை."

"அதை அப்புறம் பேசிக்கலாம். ஊரே நிக்குது. முதல்ல வரிசையில நில்லு. தோளை நிமிர்த்து. முகத்தைத் துடைக்காதே, அப்படியே இருக்கட்டும்."

மாமனார் அவனுக்கு வலப்பக்கம் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்து, அல்லாஹ் ஏத்துக்கட்டும் அல்லாஹ் ஏத்துக்கட்டும் என்று முறையாகப் பதில் சொல்லத் தொடங்கினார். குரலில் நல்ல நடுக்கம் இருந்தது. மனுஷன் இந்த வேலைக்கே பிறந்தவர்.

உள்ளே வேறொரு சண்டை கிளம்பியிருந்தது.

"மத்தியானச் சாப்பாடு என் வீட்ல," என்றார் கடைக்காரர்.

"அதெப்படி? முற்றத்துக்கு எதிர்வீடு என் வீடு. ஆடு அடிக்கச் சொல்லிட்டேன்," என்றார் ஒரு லாரிக்காரர்.

"நீ ராத்திரிக்கு வச்சுக்க. துக்கம் மூணு நாள் இருக்கே."

"ஏன், என் வீட்டு மன்சஃப் கறிச்சோறு உனக்கு இறங்காதா?"

ஷாஹெர் கேட்டுக்கொண்டு நின்றான். லாரிக்காரரின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறான். அவனுடைய இல்லாத துக்கத்துக்காக அந்த ஆள் இருக்கிற ஆட்டை அடிக்கிறார். இத்தனை நாளும் இந்த ஜனங்களை அவன் மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறான்! ரசனை கெட்ட ஜனம், நல்லதைக் கட்டிக் கொடுத்தாலும் எட்டிப் பார்க்காத ஜனம் என்று. இப்போது ஒவ்வொருத்தர் கை கொடுக்கும்போதும் உள்ளங்கை சூடு அவனைக் கூனிக் குறுக வைத்தது.

நடுப்பகல் தொழுகை முடிந்தது. தலைவர் அபு ரக்கான் வந்துவிட்டார்.

கறுப்புக் கண்ணாடி, தொப்பை, பின்னால் ஓட்டுநர் ஈத். முன்னால் மச்சான் நவ்வாஃப், கையில் அளவு நாடாவோடு. தெருமுனையில் நின்ற பாரம் தூக்கும் வண்டி உறுமிக்கொண்டு முற்றத்து வாசலுக்கு நகர்ந்தது.

"பாருங்க அத்தான், நான் சொன்னேன்ல, ஒரு ஆள்கூட..." என்று ஆரம்பித்த நவ்வாஃப் உள்ளே பார்த்து வாயைத் திறந்தபடி நின்றான். ஒரு ஈ போய் வந்திருக்கலாம். "இது என்ன கூத்து?"

நூறு பேர் எழுந்தார்கள். கூரையே ஒருமுறை அசைந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"துக்க வீட்ல குரலை உசத்தாதே நவ்வாஃப்," என்றார். நேராக ஷாஹெரிடம் வந்து கையைப் பற்றி, "அல்லாஹ் உங்களுக்குப் பெரிய கூலி தரட்டும்," என்றார்.

ஷாஹெரின் வாய் மறுபடி அவனைக் கேட்காமல் பதில் சொன்னது.

தலைவர் வரிசை முழுக்கக் கை கொடுத்தார். வேறு வழியில்லாமல் நவ்வாஃபும் கொடுத்தான், நாடா பிடித்த கையால். ஹாஜி அந்தக் கையை நாடாவோடு சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் ஹாஜிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தஹ்ஹாம் விறுவிறுவென்று எல்லோருக்கும் கிண்ணத்தில் காபி ஊற்றினான்.

நவ்வாஃபால் சும்மா இருக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

"யார் செத்திருந்தாலும் சரி. இங்க துக்கம் வைக்க யார் அனுமதி கொடுத்தது? இது பொது இடம். நகராட்சி இடம். தலைவரோட இடம்னே வச்சுக்கங்க."

ஹாஜி தைஃபல்லா இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"சரியாச் சொன்னே. தலைவரோட இடம். அப்போ அவர்தான் வீட்டுக்காரர். நாங்க எல்லாரும் அவர் வீட்டு விருந்தாளிங்க."

சொல்லிவிட்டு, கையிலிருந்த காபிக் கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டு போகாமல், குனிந்து தரையில் வைத்தார்.

எல்லோர் கண்ணும் அந்தக் கிண்ணத்துக்குப் போனது. விருந்தாளி காபியைத் தொடாமல் கீழே வைத்தால் அவனுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரன் அதைத் தருகிறேன் என்று சொல்லாதவரை அவன் குடிக்க மாட்டான். குடிக்காமலே எழுந்து போனால், அந்த வீட்டுக்காரன் அதற்குப் பிறகு ஊருக்குள் தலைகாட்ட முடியாது. கொலைப் பழிகூட அந்தக் கிண்ணத்தின் முன்னால் மன்னிக்கப்பட்டிருக்கிறது.

கடைக்காரர் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். லாரிக்காரர் வைத்தார். முடிவெட்டுகிறவர் வைத்தார். டக் டக்கென்று இரண்டு வரிசையிலும் கிண்ணங்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அபு ஷிப்லியும் வைத்தார்.

"மாமா, நீங்க எதுக்கு வைக்கறீங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஊரே வைக்குது, நான் மட்டும் குடிச்சா நல்லாவா இருக்கும்?"

தலைவர் தன் முன்னால் இறங்கிய கிண்ணங்களைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"என்ன வேணும் ஹாஜி?"

"இது இருக்கணும்," என்றார் ஹாஜி, பெஞ்சைத் தட்டி.

"எதுக்கு? யாரும் வர்றதில்லைன்னு எனக்குச் சொன்னாங்க."

"யார் சொன்னது? பத்து மணிக்கு வந்து பார்க்கிறவங்க சொல்லியிருப்பாங்க. அந்த வெயில்ல பல்லிகூட வராது. நாங்க விடிகாலைத் தொழுகை முடிஞ்சதும் வந்து உட்காருவோம், வெயில் ஏறினதும் போயிருவோம். சாயங்காலம் எங்க வீட்டுப் பொம்பளைங்க வருவாங்க. இந்தத் துணி தானா நாலு பக்கமும் இறங்கி மறைச்சுக்கும். உள்ள அவங்க போடுற சிரிப்புச் சத்தம் எங்க தெரு வரைக்கும் கேட்கும். கல்யாணம் ஆகி நாப்பது வருஷத்துல எங்க வீட்டுக்காரி அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல." அவர் ஷாஹெர் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளை தினம் வந்து பெஞ்சையெல்லாம் வட்டமாத் திருப்பி வச்சிட்டுப் போகும். நாங்க தினம் வரிசையாக்குவோம். வட்டமா உட்கார்ந்தா பாதிப் பேருக்கு முதுகுப் பக்கம் வாசல். யார் வர்றாங்கன்னு எப்படிப் பார்க்கிறது, எப்படி எழுந்து நிக்கிறது? கடைசில பெஞ்சே எங்க பக்கம் சேர்ந்திருச்சு."

ஷாஹெர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தான். கெட்டுப் போகவில்லை. கற்றுக்கொண்டுவிட்டது.

"எனக்கு முழங்கால் போயிருச்சு," என்றார் ஹாஜி. "நான் எழுந்திரிக்கணும்னு காலை ஊனினா, இந்தப் பெஞ்சு மெதுவா உயர்ந்து என்னை நிமிர்த்தி விடுது. எனக்கு ஆறு பசங்க. ஒருத்தன் இப்படிச் செஞ்சதில்ல. இதைச் செஞ்ச கை நல்லா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கறேன். இந்தப் பிள்ளைகிட்ட நேர்ல சொன்னதில்ல. சொல்லியிருக்கணும்."

ஷாஹெருக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"இப்பத்தான் ஒழுங்கா அழறான்," என்று அபு ஷிப்லி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு யாரும் பார்க்காதபடி பெஞ்சைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "இதுவா எழுப்பி விடுது? இவன் என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"அத்தான், குடிக்கச் சொல்லாதீங்க!" நவ்வாஃப் தலைவரின் தொடையைப் பிடித்தான். "அம்பது கார் நிக்கும். எல்லாம் பேசி முடிச்சாச்சு. அக்காகிட்டயும் சொல்லியாச்சு."

"ஊரே கீழ வச்சிருக்கு நவ்வாஃப். நான் என்ன செய்யட்டும்? இன்னைக்கு முடியாதுன்னு சொன்னா நாளைக்கு என் பையனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்? நான் செத்தா எவன் என் வாசலுக்கு வருவான்?"

"அத்தான்..."

தலைவர் இரண்டு வரிசையையும் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"காபியைக் குடிங்க. நீங்க கேட்டது உங்களுக்கு. நான் இருக்கிறவரைக்கும் இதுல எவனும் கை வைக்க மாட்டான்."

நூறு கிண்ணங்கள் ஒரே நேரத்தில் மேலே போயின. ஆறிப்போன கசப்புக் காபியை அத்தனை ருசியாக எந்த ஊரும் குடித்திருக்காது. நவ்வாஃப் விருட்டென்று எழுந்தான். அளவு நாடா சர்ரென்று சுருண்டு அவன் விரலைக் கடித்தது. உதறிக்கொண்டே வெளியே போனான். பாரம் தூக்கும் வண்டி பின்பக்கமாகவே தெருவைவிட்டு உருண்டு போனது.

தலைவர் கிளம்பும்போது ஷாஹெரின் கையை மறுபடி பற்றினார்.

"போனவர் நல்ல மனுஷர்," என்றார் கனத்த குரலில். தலையைக் குனிந்துகொண்டு காருக்கு நடந்தார்.

ஷாஹெருக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. எந்தப் போனவர்? பொய்யை வைத்து முற்றத்தைக் காப்பாற்றியாகிவிட்டது. ஹாஜி அவனுக்காகத் தொழுதவர். லாரிக்காரர் ஆட்டை அடித்துவிட்டார். தலைவர் மானத்தையே பணயம் வைத்து வாக்குக் கொடுத்துவிட்டார். இவ்வளவு நல்ல ஜனத்தை ஏமாற்றி அந்த முற்றத்தில் அவன் எப்படி உட்காருவான்? கழிவுநீர்ப் பிரிவே போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

காரை நோக்கி ஓடினான். காரின் வெளியே ஓட்டுநர் ஈத் ஒரு கை பேரீச்சம்பழத்தோடு நின்றிருந்தான். உள்ளே கண்ணாடி ஏற்றியிருந்தது. தலைவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"நகருப்பா. தலைவர் அழறாரு. நான் அவர்கிட்ட ஒண்ணு சொல்லியே ஆகணும். யாருமே சாகலை. எல்லாம் தப்பா நடந்துபோச்சு."

ஈத் கதவை மறைத்து நின்றுகொண்டு கொட்டையைத் துப்பினான்.

"அது அழுகை இல்ல என்ஜினியர், சிரிப்பு. மச்சானுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வராம, 'யாராவது செத்த மாதிரி கூடி உட்கார்ந்து என் முன்னாடி காபியைக் கீழ வச்சு என்னைக் காப்பாத்துங்கய்யா'ன்னு நேத்தே ஹாஜி வீட்டுக்குப் போய்க் கெஞ்சினதே இவர்தான்."